ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக் சம்பளம்: மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் தொகைகள் மதுரை வட்டாரத்தில் வழக்கமாகப் பேசி முடிக்கப்படும் அளவுகள். ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும். சட்டப்படியான தொகை என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

மதுரையில் ஒரு ஏசி மெக்கானிக் மாதம் எவ்வளவு வாங்குகிறார்?

முதலில் அவர் எந்த வகை மெக்கானிக் என்று கேட்க வேண்டும். ஏணியைப் பிடித்து, அவுட்டோர் யூனிட்டுக்குத் தண்ணீர் அடித்து, ஃபில்டர் கழுவித் தரும் ஹெல்பருக்கு 8,000 முதல் 12,000. ஐடிஐ முடித்து சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 10,000 முதல் 14,000. தனியாகப் போய் லீக் பிடித்து கேஸ் ஏற்றிவிட்டு வரத் தெரிந்த, மூன்று முதல் ஐந்து வருட அனுபவம் உள்ளவருக்கு 15,000 முதல் 22,000. சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் பெரிய மெஷின்), விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இண்டோர் ஓடும் ஏசி) பார்க்கிறவர் 25,000-க்கு மேல் கேட்கிறார், கிடைக்கிறது. ஆனால் அந்த வேலை மதுரையில் எண்ணிவிடக்கூடிய இடங்களில்தான் இருக்கிறது: பெரிய ஆஸ்பத்திரிகள், ஜவுளி, நகைக் கடைகள், நட்சத்திர ஓட்டல்கள், சில தொழிற்சாலைகள்.

சொந்தமாகத் தொழில் செய்பவரின் வருமானத்தை மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஏப்ரல் மாத வருமானமும் நவம்பர் மாத வருமானமும் வேறு வேறு ஆளுடையது போல இருக்கும். அந்தக் கணக்கு தனியாக வருகிறது.

அதே அனுபவத்துக்கு சென்னையில் ஐந்தாறாயிரம் கூடத் தருகிறார்களே, போய்விடலாமா?

கூடத் தருவது உண்மை. கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்க்கலாம். மதுரையில் 18,000 வாங்கும் ஒருவருக்குச் சென்னையில் 25,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் பங்கு 4,000. மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் 6,000-க்குக் குறையாது. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக, போன், சில்லறை எல்லாம் சேர்த்து 2,000. மீதி 13,000. மதுரையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்கு 5,000 கொடுத்தாலும் 13,000 நிற்கிறது. ஏழாயிரம் வித்தியாசம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. அறை வாடகையும் மெஸ்ஸும் சாப்பிட்டுவிட்டன.

அப்படியானால் போகவே கூடாதா என்றால், காசுக்காக மட்டும் போகக் கூடாது என்பதே எங்கள் பதில். ஐடி கட்டடங்களின் பெரிய சில்லர், டேட்டா சென்டரின் துல்லிய ஏசி, முப்பது நாற்பது இண்டோர் மாட்டிய விஆர்எஃப் ஆகியவற்றில் தினமும் கை வைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். மூன்று வருடம் அதைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினால் சம்பளம் ஏறும். மதுரையில் பெரிய கட்டடம் எழும்பும்போது ஏசி ஒப்பந்தம் பெரும்பாலும் சென்னை, கோவை கம்பெனிகளுக்குத்தான் போகிறது. வேலை முடிந்ததும் அவர்கள் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அந்த மெஷினை அன்றாடம் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். அந்த நாற்காலி திரும்பி வந்தவருக்குத்தான்.

ஸ்பிளிட் ஏசி சர்வீஸ் வேலைக்கே சென்னை போவதென்றால், இங்கே செய்வதையே அங்கே வெயிலிலும் டிராஃபிக்கிலும் செய்வதாகத்தான் முடியும்.

மதுரைக்குள்ளேயே ஏரியாவுக்கு ஏரியா வித்தியாசம் உண்டா?

உண்டு. அந்த வித்தியாசம் ஒரு சர்வீஸுக்கு வாங்கும் காசில் அவ்வளவாகத் தெரியாது, ஒரு நாளில் எத்தனை வீடு முடிக்கிறோம் என்பதில்தான் தெரியும். அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் ஒரே அடுக்ககத்தில் நான்கு வீடு கிடைத்தால் காலை பத்து மணிக்குள் இரண்டு முடிந்துவிடும். காலையில் திருநகர், மதியம் ஒத்தக்கடை, மாலையில் விளாங்குடி என்று சிதறிக் கிடந்தால் மூன்றாவது வீட்டோடு பொழுது போய்விடும்.

மாசி வீதிகள், விளக்குத்தூண் பக்கம் வேறு கதை. சந்து குறுகல், வண்டி நிறுத்த இடமில்லை. அவுட்டோர் யூனிட் மூன்றாம் மாடியின் பின்சுவரில், பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாகப் போனால்தான் எட்டும். வீட்டு ஏசிக்கு அங்கே யாரும் ஓட விரும்ப மாட்டார்கள். ஆனால் கடைகளின் விசி கூலர் (கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பானப் பெட்டி), ஐஸ்கிரீம் டீப் ப்ரீசர், ஜிகர்தண்டா கடைகளின் ப்ரீசர் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கடைக்காரர் பேரம் பேசுவார், ஆனால் அன்றைக்கே காசு கொடுப்பார், ஏனென்றால் ப்ரீசர் நின்றால் அவருக்கு அன்றைய வியாபாரமே போச்சு. நடந்தே போய்ப் பத்துக் கடை பார்க்கலாம் என்பதால் பெட்ரோல் செலவும் இல்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் வண்டி உள்ளே போகாது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மாதிரி ஊர்களில் பிழைக்க முடியுமா?

ஏசியை மட்டும் நம்பினால் சிரமம். பிரிட்ஜ், டீப் ப்ரீசர், வாட்டர் கூலர், பால் குளிரூட்டி எல்லாம் பார்ப்பவர் என்றால் நகரத்து ஆளைவிட நன்றாகவே இருப்பார். போட்டி குறைவு, கடை வாடகை குறைவு. ஒருமுறை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் அந்த ஊர்ச் சொந்தபந்தம் மொத்தமும் அவரைத்தான் கூப்பிடும்.

பால் குளிரூட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராமத்துச் சங்கங்களில் ஆயிரம், இரண்டாயிரம், ஐந்தாயிரம் லிட்டர் தொட்டிகள் இருக்கின்றன. கறந்த பால் ஏறக்குறைய 35 டிகிரியில் வரும். அது மூன்று மணி நேர அளவில் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். கம்ப்ரஸர் நின்றால் பால் திரியும், மொத்தமும் நஷ்டம். அதனால் இந்த வேலையில் கேஸுக்கும் ஸ்பேருக்கும் கொடுக்கும் காசைவிட, கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்து நிற்பதற்குக் கொடுக்கும் காசு பெரிது. மதுரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் ஓடி வருகிறவரால் அது முடியாது. இங்கே தூரம் உள்ளூர் ஆளுக்குத்தான் சம்பளம் கூட்டித் தருகிறது. மாதத்துக்கு இவ்வளவு என்று பராமரிப்பு ஒப்பந்தம் பேசிக்கொள்வது நல்லது. பழுது வந்தால் மட்டும் காசு என்றால், மெஷினைச் சரியாக வைத்திருக்கிற மாதத்தில் உங்களுக்கு வருமானம் இருக்காது.

இன்னொன்று, யாரும் வெளியில் சொல்லாத வேலை: துக்க வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ப்ரீசர் பெட்டி. ஒவ்வொரு சிறு ஊரிலும் இரண்டு மூன்று பேர் வைத்திருப்பார்கள். வேனில் ஏற்றி இறக்கி மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி, கம்ப்ரஸர் அருகே செம்புக் குழாய் ஜாயிண்டில் மயிரிழை வெடிப்பு விடும், கேஸ் மெதுவாகப் போகும். அடுத்த பழுது மின்சாரத்தால் வருவது. பந்தல் விளக்கு, மைக் செட், பெட்டி மூன்றும் ஒரே லைனில் ஓடி வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் கம்ப்ரஸர் எழும்ப முடியாமல் முனகி முனகி ஓவர்லோடில் கட் ஆகும். பெட்டிக்காரரிடம் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்க வைத்து, கம்ப்ரஸர் ஜாயிண்டுக்கு அடியில் ரப்பர் தாங்கி கொடுத்து, குழாயில் ஒரு வளையம் விட்டுப் பற்றவைத்தால் பாதிப் பழுது குறையும். கூப்பிடுவது பெரும்பாலும் ராத்திரியில். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை. நீங்களும் நேரம் பார்த்து விலை ஏற்றாதீர்கள், சின்ன ஊரில் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ராமேஸ்வரம், விருதுநகர், சிவகாசி, கொடைக்கானல்: எங்கே சம்பளம் நல்லது?

ஊரின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த ஊரில் எது குளிர வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடியில் மீன். மீனுக்கு ஐஸ், ஐஸுக்கு அம்மோனியா பிளான்ட். பிளான்ட் ஆபரேட்டர் வேலை 12 மணி நேர ஷிப்ட், தங்க இடம் தருவார்கள், சம்பளம் சுமார்தான். ஆனால் அம்மோனியா கம்ப்ரஸரைப் பிரித்து வால்வு பிளேட், ரிங், பேரிங் மாற்றத் தெரிந்த ஃபிட்டர் அரிது. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு ஓவர்ஹாலுக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறார். கடலோரத்தில் வீட்டு ஏசி பார்ப்பவருக்கும் வேலை ஓயாது. உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். மதுரையில் பத்து வருடம் ஓடும் கண்டென்சர் காயில் அங்கே பாதிக் காலத்திலேயே மாற்றக் கேட்கும்.

விருதுநகரில் வத்தலும் பருப்பும் கிடக்கும் குளிர்பதனக் கிடங்குகள், ராஜபாளையம், திண்டுக்கல் பக்கம் நூல் மில்களில் காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஈரப்பத பிளான்ட், சிவகாசியில் ஆப்செட் அச்சகங்கள். அச்சகத்தில் ஏசி மனிதர்களுக்காக ஓடுவதில்லை, காகிதம் சுருங்காமல் கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருவதற்காக ஓடுகிறது. காலண்டர் சீசனில் ஒருநாள் ஏசி நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவருக்கே தெரியும், அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மறுக்க மாட்டார். அந்தச் சீசன் ஆண்டின் பிற்பாதியில் வருவது இன்னொரு லாபம். வீட்டு ஏசி வேலை படுத்திருக்கும் மாதங்களை அது ஓட்டிக் கொடுக்கும்.

கொடைக்கானலில் ஏசிக்கு என்ன வேலை? ஓட்டல் சமையலறை ப்ரீசர்கள் மட்டும்தான். ஒட்டன்சத்திரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் காய்கறி, திராட்சைக்கான குளிர் அறை வேலை உண்டு.

மெஷின் நின்றால் நஷ்டம் வரும் இடத்தில் சம்பளம் அதிகம் என்கிறீர்கள். வீட்டு வேலையே செய்தால்?

செய்யலாம், கணக்கு இதுதான். மதுரையில் ஸ்பிளிட் ஏசி சாதா சர்வீஸ் 500 முதல் 800. நடுவில் 600 என்று வைப்போம். மார்ச் முதல் ஜூன் வரை நாலு மாதம், ஒரு நாளைக்கு ஐந்து சர்வீஸ், 3,000 ரூபாய். ஹெல்பருக்கு நாள்கூலி 700, பெட்ரோலும் சில்லறையும் 200. மீதி 2,100. மாதம் 26 நாள் ஓடினால் 54,600. மீதி எட்டு மாதம், சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை வேலை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்துச் செலவு போக 950 கிடைத்தால் 24 நாளில் 22,800. வருடத்துக்கு 2,18,400-ம் 1,82,400-ம் சேர்ந்து 4,00,800. மாதச் சராசரி 33,400.

இதில் கருவி தேய்மானம், திரும்பச் செய்து கொடுக்கும் இலவச வேலை, வராத பாக்கி எல்லாம் கழிக்க வேண்டும். கையில் 28,000 முதல் 30,000 நின்றால் நல்ல தொழில்காரர். ஆனால் இது ஏற்கெனவே இருநூறு முந்நூறு வீடு கையில் வைத்திருப்பவரின் கணக்கு. முதல் வருடத்தில் இதில் பாதி வந்தால் போதும். மே மாத வரும்படியைப் பார்த்துத் தவணைக்கு வண்டி எடுத்தவர்கள் அடைமழை மாதங்களில் படும் பாடு தெரிந்ததுதான்.

சர்வீஸ் சென்டரில் ‘கால்’ கணக்கில் சம்பளம் என்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு அழைப்பை முடித்தால் இவ்வளவு என்று தருவது கால் கணக்கு. அடிப்படைச் சம்பளம் குறைவாக வைத்து, மேலே காலுக்கு 100, 150 என்று சேர்ப்பார்கள். கேட்க வேண்டியவை மூன்று: ஒரே வீட்டுக்கு இரண்டாவது முறை போனால் காசு உண்டா, பெட்ரோல் யார் தருவது, ஸ்பேர் வரத் தாமதமாகி முடியாமல் கிடக்கும் காலுக்கு என்ன. அநேகமாக இரண்டாவது முறைக்குக் காசு கிடையாது, 30 நாளுக்குள் அதே புகார் வந்தால் முதலில் கொடுத்ததையும் பிடிப்பார்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

எனவே கால் கணக்கில் வேலை செய்பவரின் வருமானத்தை அவர் கைவேலையின் சுத்தம்தான் தீர்மானிக்கிறது. திரும்பக் கூப்பிடும் புகார்களில் முதலிடம் கேஸ் குறைவுக்கு. ‘போன மாதம்தானே ஏற்றினீங்க’ என்பார்கள். லீக்கைத் தேடாமல் மேலோட்டமாக ஏற்றியதன் விளைவு. லீக் பெரும்பாலும் ஃபிளேர் நட்டில்தான், அதாவது செம்புக் குழாயின் வாயை விரித்து (அதுதான் ஃபிளேர்) இணைக்கும் இடத்தில்தான் இருக்கும். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பு வளையம் தெரிகிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள், அப்புறம் சோப்பு நுரை. ஃபிளேரின் உதட்டில் ஒரு கீறல் இருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, அதிகம் முறுக்கினால் உதடு மெலிந்து வெடிக்கும். குழாயை வெட்டி, உள்விளிம்புப் பிசிறைக் குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சுரண்டி எடுத்து, நட்டை முதலில் மாட்டிவிட்டு (மறந்துபோய் மறுபடி வெட்டாதவர் யார்?) புதிதாக ஃபிளேர் அடிக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இருந்தால் கால் இஞ்ச் நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர் அளவு, அரை இஞ்ச்சுக்கு 50 முதல் 60.

பிறகு நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரம் அழுத்த மீட்டரின் முள் அசைகிறதா என்று பார்ப்பது. நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றவே கூடாது, கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அடுத்து வாக்கூம், அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. பம்ப்பை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது சீசன் அவசரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. வாக்கூம் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பின்னும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் எண்ணெய் அமிலமாகி, ஆறேழு மாதத்தில் கம்ப்ரஸர் வைண்டிங் போகும். அப்போது பழி உங்கள் மேல்தான்.

கேஸை எடை போட்டு ஏற்றுங்கள். யூனிட்டில் ஒட்டியிருக்கும் பலகையில் எத்தனை கிராம் என்று இருக்கும். ஆர்-22 என்ற பழைய கேஸின் காலத்துப் பழக்கத்தில் 65, 70 பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்துபவர்கள், ஆர்-32 என்ற புது கேஸ் ஓடும் மெஷினில் அதே முள்ளைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அதில் ஓட்டத்தில் 110 முதல் 140 வரை காட்டும். புது பிரிட்ஜுகளில் ஆர்-600ஏ கேஸ் மொத்தமே 40, 60 கிராம்தான். பத்து கிராம் கூடினாலே குளிர் மாறிவிடும். அது சமையல் கேஸின் உறவு, எரியும். குழாயில் மிச்சம் இருக்கும்போது டார்ச்சைக் கொண்டுபோகக் கூடாது.

ஐடிஐ படித்தால் சம்பளம் கூடுமா? அரசு வேலை உண்டா?

தனியார் கடையில் முதல் வருடம் ஐடிஐ படித்தவருக்கும் கையால் கற்றவருக்கும் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம். சான்றிதழ் பேசுவது பின்னால்: அப்ரண்டிஸ், ரயில்வே, ராணுவப் பொறியியல் பிரிவு, வெளிநாடு. குளிர்பதனம், ஏசி டெக்னீஷியன் பிரிவு பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இரண்டு வருடப் படிப்பு. முடித்துவிட்டு அப்ரண்டிஸாகப் போனால் 2019-ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. அதற்குக் குறைவாகத் தருகிறவர் சட்டத்தை மீறுகிறார்.

ஊருக்கு ஊர் சம்பளம் மாறுவதை அரசே எழுதி வைத்திருப்பதை மத்திய அரசு வேலையில் பார்க்கலாம். ரயில்வேயில் டெக்னீஷியன் மூன்றாம் நிலை, 7-வது ஊதியக் குழுவின்படி நிலை 2, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900. வீட்டு வாடகைப்படிக்கு ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை போன்ற எக்ஸ் நகரத்தில் 30 சதவீதம், 5,970 ரூபாய். மதுரை ஒய் நகரம், கோவை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு மாதிரி. 20 சதவீதம், 3,980. மானாமதுரை போன்ற சிற்றூர் இசட், 10 சதவீதம், 1,990. பயணப்படியிலும் ஒரு வித்தியாசம்: தொடக்க நிலையில் சென்னை, கோவைக்கு 1,350, மதுரைக்கு 900, மேலே அகவிலைப்படி. ஒரே தேர்வு, ஒரே ஏசி பெட்டி, ஒரே கம்ப்ரஸர். சென்னைக்காரருக்கு மதுரைக்காரரைவிட மாதம் இரண்டரை ஆயிரம் கூட. மதுரை வாடகையைப் பார்த்தால் இதில் நஷ்டம் மதுரைக்காரருக்கு இல்லை.

‘மொத்தம் 20,000’ என்றார்கள், கையில் 16,000 வருகிறது. ஏமாற்றா?

எப்போதும் இல்லை. கம்பெனி தன் பங்காகக் கட்டும் தொகையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 15,000 என்றால் உங்கள் பிஎஃப் 12 சதவீதம் 1,800, இஎஸ்ஐ முக்கால் சதவீதம் 135. கைக்கு 16,065. முதலாளி தன் பங்காக பிஎஃப் 1,800, இஎஸ்ஐ மூன்றே கால் சதவீதம் 585 கட்டுகிறார். அதையும் கூட்டினால் 20,385, அதைத்தான் ‘இருபது’ என்றார். பேசும்போதே ‘கைக்கு எவ்வளவு’ என்று கேட்டுவிடுங்கள்.

இஎஸ்ஐ 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. மனைவி, பிள்ளைகளுக்கும் மருத்துவம் உண்டு என்பதால் அந்த 135 ரூபாயை வீண் என்று நினைக்க வேண்டாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதுதான் ஏமாற்று. உங்கள் யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினர் எண்) வைத்து பிஎஃப் பாஸ்புக்கைப் போனிலேயே பார்க்கலாம். மாதாமாதம் பாருங்கள். குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படியைத் தமிழ்நாடு அரசு ஏப்ரல் 1-ம் தேதி மாற்றும், அன்றிலிருந்து உங்கள் கூலி மாறியதா என்பதையும் பாருங்கள். தொழிற்சாலையில் மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி சட்டப்படி உண்டு.

துபாய், சவுதி போனால்?

ஏசி டெக்னீஷியனுக்கு 1,200 முதல் 2,000 திர்ஹாம் என்று விளம்பரங்கள் வரும். தங்குமிடம், வண்டி, சாப்பாடு இதில் எது சேர்த்தி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாப்பாடு இல்லாத 1,500-ம் சாப்பாடு உள்ள 1,200-ம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே டக்ட் ஏசி, பேக்கேஜ் யூனிட், சில்லட் வாட்டர் வேலைகள் அதிகம், ஸ்பிளிட் மட்டும் தெரிந்தவர் ஹெல்பராகவே இறங்க வேண்டிவரும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தடை உண்டு.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ‘விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது, அது வெளியிடும் அறிவிப்புகளைப் பார்ப்பது பாதுகாப்பு.

அமெரிக்காவில் மெக்கானிக்குக்கு 50 லட்சம் என்று வீடியோ போடுகிறார்களே?

அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில், 2023 மே மாதத்தில் இந்தத் தொழிலின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 57,300 டாலர். பெருக்கிப் பார்த்தால் தொகை அப்படித்தான் வரும். ஆனால் வாடகையையும் அங்கே டாலரில்தான் கட்ட வேண்டும். கேஸைக் கையாள அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் 608 சான்றிதழ் கட்டாயம். நம் ஊர் ஐடிஐ சான்றிதழை வைத்து நேரே போகும் வழி கிடையாது. வீடியோவில் அதைச் சொல்வதில்லை.

தொழில் தொடங்கக் கருவிக்கு எவ்வளவு?

வாக்கூம் பம்ப், ஆர்-32-க்கும் ஆர்-410ஏ-க்கும் தாங்கும் மேனிஃபோல்டு (கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர் செட்), டிஜிட்டல் தராசு, கிளாம்ப் மீட்டர், ஃபிளேரிங் செட், சின்ன டார்ச், நைட்ரஜன் ரெகுலேட்டர், தண்ணீர் அடிக்கும் பம்ப், ஹேமர் டிரில், ஏணி, பாதுகாப்புப் பெல்ட். 35,000 முதல் 50,000 ஆகும். முதலில் குறைக்கலாம் என்று தோன்றுவது தராசையும் பெல்ட்டையும்தான், அந்த இரண்டையும் குறைக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போது கருவி யாருடையது என்று கேளுங்கள். உங்கள் கருவி என்றால் சம்பளத்தில் மாதம் ஆயிரமாவது கூடக் கேட்பது நியாயம்.

ஊர் எதுவானாலும் காசு தரும் வேலை எது?

இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி (மின்னணு போர்டு) பழுது பார்ப்பது. புது போர்டு 6,000, 10,000 என்று போகும்போது, ஐபிஎம் (கம்ப்ரஸரை ஓட்டும் பவர் சிப்), ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர் மாற்றி 2,000, 3,000-க்குச் சரி செய்து தருகிறவரிடம் மற்ற மெக்கானிக்குகளே போர்டைக் கொண்டுவருகிறார்கள். தேனியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் போர்டு கூரியரில் வரும், கூரியரில் போகும். வெயில் இல்லை, ஏணி இல்லை, பெட்ரோல் இல்லை. மின்னணுவில் அடிப்படை தெரிய வேண்டும், போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும் என்ற பயமும் வேண்டும். மெயினை எடுத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர் இறங்கியதா என்று மீட்டரால் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

ஆர்-22 மட்டும் தெரியும். இனி வேலை இருக்குமா?

பழைய மெஷின் இருக்கும்வரை இருக்கும். ஆனால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியா ஆர்-22 வகை வாயுக்களை 2030-க்குள் ஏறக்குறைய முழுதும் கைவிடுகிறது, விலை ஏறிக்கொண்டே போகும். இப்போதே ஆர்-32-க்கு மாறிவிடுங்கள்.

மாடியிலிருந்து விழுந்தால் யார் பார்ப்பது?

இஎஸ்ஐ உள்ள வேலை என்றால் மருத்துவமும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குப் பணமும் அதிலிருந்து வரும். சொந்தமாகச் செய்பவருக்கு யாரும் இல்லை. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய் கட்டி 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு எடுக்கலாம். ஹெல்பருக்கும் சேர்த்துக் கட்டுங்கள், 40 ரூபாய்தான். தகரக் கூரை மேலும் சன்ஷேடு மேலும் ஏறி நின்று அவுட்டோர் பார்க்கச் சொல்லும் வீடுகளில், பெல்ட் மாட்ட இடம் இல்லையென்றால் சாரம் கட்டக் கூலி தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தர மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடலாம்.